தண்ணீர் யாருக்கு அரூபம்?

அரூப ஓவியம் என்று பேச்செடுத்தாலே 'அதெல்லாம் வசதிப்பட்டவன் சமாச்சாரம்யா' என்று எழுந்துபோகிற தோழர்கள் ஒருபக்கம். கலைக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்கிற பரிசுத்தவாதிகள் மறுபக்கம். இரண்டு தரப்புமே படத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் புகார். தண்ணீரை வைத்து இதைப் பேசலாம்.

ராம் குமார் (1924–2018) பாரிசில் லெஜேயிடம் பயின்றவர். இந்தியில் சிறுகதைகளும் எழுதியவர். 1950களில் அவரது கித்தான்களில் இருந்தவர்கள் நகரத்தில் வேலையற்று அலையும், ஒடுங்கிய முகம்கொண்ட மனிதர்கள். 1960களின் தொடக்கத்தில் ஹுசைனோடு காசிக்குப் போய்வந்தபின் அந்த மனிதர்கள் காணாமல் போனார்கள். வீடுகள் பழுப்பும் சாம்பலுமான கட்டங்களாயின. கங்கை அவற்றினூடே ஒரு வெற்றுப் பட்டையாயிற்று. மரணத்தின் மௌனம் என்று இதை வாசித்தார்கள். அந்த மௌனம் என்னையும் பிடித்து நிறுத்துகிறதுதான். ஆனால், படித்துறையில் படகு வலிக்கிற நிஷாதும் பிணமெரிக்கிற டோமும் எங்கே போனார்கள்? அவர்களுடைய உழைப்பைத் துடைத்த பிறகுதானே நதி தத்துவமாகிறது? நகராட்சி தீர்மானம் போட்டுத் திறந்தும் சாதி மூடிவைத்திருந்த மகாட் குளத்தில், 1927இல் அம்பேத்கர் அள்ளிக் குடித்த தண்ணி அரூபமாக இல்லை. அதற்குக் காவல் இருந்தது.

அப்படியானால் அரூபத்தையே தள்ளிவிடலாமா? கணேஷ் ஹலோய் குறுக்கே வருகிறார். 1936இல் பிரம்மபுத்திரா கரையிலுள்ள ஜமால்பூரில் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் 1950இல் கல்கத்தா வந்துசேர்ந்தவர். அவர் படங்களிலும் ஆளில்லை. தாளில், நீரில் குழைத்த வண்ணத்தில், வயலா குளமா என்று பிரிக்கமுடியாத ஒரு பச்சை ஈரம். சில கோடுகள், புள்ளிகள். மேலிருந்து பார்த்த வரைபடம் மாதிரியே இருக்கும். ஆனால் நாட்டைப் பிளந்த வரைபடத்தில் கோடு எல்லையாக நின்றது; இவருடைய கோடு ஈரத்தில் தயங்குகிறது, முறிகிறது, கரைகிறது. இந்தத் தண்ணீரில் ஆளில்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திரும்பிப்போக முடியாதவனுடைய நிலம் அது.

உருவமா அரூபமா என்று இன்னும் எத்தனை காலத்துக்குச் சண்டை போடுவது? ஆளை வெளியேற்றியது வரலாறா, ஓவியனின் கண்ணா என்று ஒவ்வொரு படத்திடமும் கேட்போம். ஆற்றைப் பற்றி எழுதுகிற நாமும் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தண்ணியை யார் தொடலாம்?