உவமையும் பள்ளிப் பிள்ளைகளும்

'மதிமுகம்' உவமைத்தொகை, 'முகமதி' உருவகம். நம் பிள்ளைகள் இதனைத் தடையின்றி ஒப்பிப்பார்கள். சொல் இடம் மாறியதால் பொருளில் நேர்ந்தது என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். முன்னதில் முகம் முகமாகவே இருக்க, மதி ஒப்பாக வந்து நிற்கிறது. பின்னதில் முகமே மதியாகிவிடுகிறது. இதனை உணர்த்தாமல் பெயரை மட்டும் மனனம் செய்வித்தல், கனியை எறிந்து தோலைக் காப்பதாகும்.

தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மாரி போன்ற கை என்பது பயன். துடியிடை வடிவால் ஒப்பு. பவளவாய் நிறத்தால் ஒப்பு. எதனால் ஒப்பு என்று கேட்கப் பழகிய பிள்ளைக்குக் காவியமும் கடினமன்று.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையே கொள்வோம். அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டிலே மழை பொழிகிறது; ஆறு பெருகுகிறது; வயல் செழிக்கிறது. "பாலையில் வயலா?" என்று சிறுவன் வினவுவான். வினவட்டும்! உயர்வு நவிற்சி என்று கூறி அவன் வாயை அடைப்பது விடையாகாது. புலவர் பூகோளம் எழுதவில்லை. தலைவனின் பெருமைக்கு முன்னே நாட்டின் வளத்தைப் பாடுவது தமிழ்க் காவிய மரபு. அம்மரபுக்குள் அவர் அமைத்தது, நம் கருத்தில், படலமாக விரிந்த ஒரு பயனுவமம். வறண்ட நிலத்துக்கு மாரி செய்வதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களுக்குச் செய்தார்கள். மழையை எதிர்நோக்கி வாழும் தமிழ் உழவனுக்கு இவ்வொப்புமை விளங்க உரையாசிரியர் வேண்டியதில்லை.