கமகக் குறியின் கோடு

பாட்டை ஏட்டில் எழுதிவைக்கும் காரியத்தில் நம்மவர் செய்த சாதனைகளுள் தலையாயது எது என்று கேட்டால், எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டில் தெலுங்கு லிபியில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்றே நான் சொல்வேன். முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இருநூற்றுக்கு மேல் அதில் ஸ்வரப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பது ஒருபுறமிருக்க, ஸ்வரங்களை அசைத்தும் வழுக்கியும் பாடும் விதங்களைக் காட்ட அவற்றின் தலைமேல் சுப்பராம தீட்சிதர் ஏற்றிவைத்த கமகக் குறிகளே என் மனத்தை அதிகம் கவர்ந்தவை. கம்பிதத்துக்கு ஓர் அலைக்கோடு. ஸ்புரிதத்துக்கு மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று புள்ளிகள். அவற்றையே தலைகீழாக வைத்தால் பிரத்யாகதம். ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிச் சாய்ந்த கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்த கோடு. இவற்றின் சௌந்தர்யம் சிக்கனத்தில் இருக்கிறது. குரல் எந்தத் திசையில் நகரவேண்டும் என்பதைக் கண் கண்ட மாத்திரத்திலேயே தொண்டை அறிந்துகொள்கிறது. ஆனால் எவ்வளவு தூரம், எவ்வளவு அழுத்தம் என்பதைக் குறி சொல்வதில்லை, அதைக் குருமுகமாகத்தான் பெறவேண்டும்.

கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டு வந்த சின்னசாமி முதலியார், சுப்பராம தீட்சிதரை இப்பெரும்பணிக்குத் தூண்டியவர்களுள் முக்கியமானவர். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த அந்தக் காலத்தில் எழுத்துப்பெட்டியில் இல்லாத ஒரு குறி வேண்டுமென்றால் அதற்கென்று அச்சு வெட்டி வார்க்கவேண்டும். நூலை அச்சிட்ட வித்யா விலாசினி அச்சுக்கூடத்தார் அந்தச் சிரமத்தை ஏற்றார்கள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு அவர்களிடம் மரியாதை கூடுகிறது. 1961 முதல் சென்னை சங்கீத வித்வத் சபை அந்நூலைத் தமிழ் லிபியில் பல பாகங்களாகக் கொண்டுவந்தது.

இன்று அதே வேலை கணினித் திரையில் நடக்கிறது. மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ, லில்லிபாண்ட் முதலிய மென்பொருள்களில் மேல்நாட்டுச் சங்கீதத்துக்கு வேண்டிய குறிகள் ஏராளம். அவற்றிலிருந்தே ஒன்றை எடுத்துக் கமகத்துக்கு வைத்துவிடலாமே என்ற சபலம் எவருக்கும் எழும். ட்ரில் என்னும் அலைக்கோட்டைக் கம்பிதமாக வைத்த தாள்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் அபிப்பிராயத்தில் அது தவறு. ட்ரில்லின் அலை நெருக்கமானது. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி இசைக்கச் சொல்வது. தோடியின் காந்தாரமோ ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டு அகன்று அசைவது. மேல்நாட்டு முறையில் பழகிய வயலின்காரர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து வாசித்தால் தோடி தோடியாக இராது. ஆகவே நமக்கு வேண்டிய அலையை நாமே வரையவேண்டும்.

வரைவதிலே இருக்கிறது சூட்சுமம். கம்பிதத்துக்கு மூன்று முகடுகள் போதும். வரைகலை மென்பொருளில் முகட்டிலும் பள்ளத்திலும் மட்டும் புள்ளி நட்டு, அவற்றின் வளைவுக் கைப்பிடிகளைக் கிடைமட்டமாக வைத்து இழுத்தால் கோடு உடையாமல் வளையும். இடையில் தேவையற்ற புள்ளி ஒன்று விழுந்தாலும் கோடு நடுங்கியதுபோல் தோன்றும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கையில் அழகாக இருப்பது, தாளில் ஸ்வரத்தின் அளவுக்குச் சுருங்கியதும் முகடுகள் ஒட்டிக்கொண்டு ஒரு கரிய கறையாகிவிடும். அச்செடுத்துப் பார்க்காமல் எந்தக் குறியையும் முடிந்ததாகக் கொள்ளலாகாது.

தமிழ் லிபிக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. ச, க, ம, ப, த ஆகியவற்றின் மேற்புறம் திறந்து கிடக்க, ரிஷபத்திலும் நிஷாதத்திலும் இகரத்தின் விலங்கு மேலே வளைந்து நிற்கிறது; குறியை எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே உயரத்தில் வைத்தால் அது ரி, நி இரண்டின் விலங்கில் மோதும். எழுத்தின் மொத்த அகலத்தை அளந்து நடுவில் வைத்தாலோ குறி வலப்புறம் தள்ளிப்போய், அடுத்த ஸ்வரத்துக்கு உரியதோ என்ற ஐயம் வரும். விலங்கை விட்டுவிட்டு, எழுத்தின் உடலுக்கு நேர்மேலே, விலங்குக்கும் உயர்ந்த ஒரே வரிசையில் எல்லாக் குறிகளையும் நிறுத்துவதே சரி. ஸ்புரிதத்தில் வேறொரு தொல்லை: தாரஸ்தாயியைக் காட்டவும் ஸ்வரத்தின்மேல் புள்ளிதானே இடுகிறோம்? இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் நான்கு புள்ளிகளின் கூட்டமாகிக் கண்ணைக் குழப்பும். ஸ்தாயிப் புள்ளியை எழுத்தை ஒட்டிப் பருமனாகவும், ஸ்புரிதப் புள்ளிகளைச் சற்று விலக்கிச் சிறியனவாகவும் வைத்த தாளைக் கண்டால், வரைந்தவர் பாடவும் தெரிந்தவர் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

எங்கள் மதுக்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிச் சென்றால் கேரளத்துப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் கிராமத்தை எளிதில் அடையலாம். ஆகவே எங்கள் பக்கத்துப் பாட்டு வகுப்பில் தமிழில் ஸ்வரம் எழுதும் பிள்ளையும் மலையாளத்தில் எழுதும் பிள்ளையும் அருகருகே உட்காருவது புதுமையன்று. லிபி வேறானாலும் அலைக்கோடும் சாய்கோடும் இருவருக்கும் பொதுவே.

வரைந்த குறியை ஒரு மென்பொருளுக்குள்ளேயே பூட்டிவைப்பது மட்டும் எனக்கு உடன்பாடன்று. பல்லாண்டு புகழோடு வழங்கிய ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சிப் பணி 2024-இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் மாத்திரம் குறி வரைந்து வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஸ்மஃபிள் என்னும் பொதுமுறை, யூனிகோடின் அடிப்படைத் தளத்தில் அவரவர் தேவைக்கென ஒதுக்கப்பட்ட 6,400 இடங்களில் சங்கீதக் குறிகளை வரிசைப்படுத்துகிறது. துருக்கிய நாட்டுப்பாடலுக்கும் பாரசீக இசைக்கும்கூட அங்கே தனிக் குறிகள் உண்டு. கமகக் குறி வரையும் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் குறிகளை எழுத்துருவாகச் செய்து, எவரும் எடுத்தாளும் உரிமத்தோடு வெளியிடுங்கள், சுப்பராம தீட்சிதர் தம் நூலில் செய்ததுபோல், ஒவ்வொரு குறிக்கும் எப்படிப் பாடவேண்டும் என்ற விளக்கத்தையும் கூடவே எழுதிவையுங்கள்.