சாட்சியம் ஏற்கப்படாத கதை

1861இல் பாஸ்டன் நகரில் வெளிவந்த ‘ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்வில் நிகழ்ந்தவை’ என்னும் தன்வரலாறு, நூறாண்டுக்கும் மேலாகப் புனைகதை என்றே பலரால் கருதப்பட்டது. லிண்டா பிரென்ட் என்னும் புனைபெயரில் அதனை எழுதிய ஹாரியட் ஜேக்கப்ஸ், வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். பதிப்பித்த வெள்ளையினப் பெண்மணி லிடியா மரியா சைல்டே நூலையும் எழுதியிருப்பார் என்றனர் சிலர். கறுப்பின வரலாற்றாசிரியர் ஜான் பிளாசிங்கேமும் 1972இல் இதனை நம்பத்தகாதது என ஒதுக்கினார். அடிமைகளின் வாக்குமூலங்களை மதித்துப் பயன்படுத்திய ஓர் அறிஞரே இதனை ஒதுக்கியதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாறு அவ்வகை நூல்களுக்கு அளவுகோலாகிவிட்டிருந்தது. அதில் அடிமை தன்னை அடிப்பவனை எதிர்த்து மல்லுக்கட்டுகிறான். பின்னர்த் தனியே வடக்கு நோக்கித் தப்புகிறான். ஜேக்கப்ஸுக்கு அவ்வழி இல்லை. எஜமானன் அவரை இச்சையோடு துரத்துகிறான். எஜமானியோ கணவனை விட்டு, துரத்தப்படும் பெண்ணையே வெறுக்கிறாள். பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று வர்ஜீனியாவில் 1662இல் இயற்றப்பட்ட சட்டவிதி தென்மாநிலங்களெங்கும் நிலைத்திருந்தது. ஆகவே அவர் ஈன்ற இரு மக்களும் பிறப்பிலேயே அடிமைகள். தனியே ஓடினால் தாய்மை தடுக்கிறது; இருந்தால் மானம் போகிறது. பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில் ஒன்பதடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட, மூன்றடிக்கு மேல் உயரமில்லாத இடுக்கில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்து, துளை வழியே தம் மக்களைப் பார்த்தார். நூலின் உயிர் இப்பகுதியில்தான் இருக்கிறது.

ஆடவர் கதைக்குரிய வீரமும் இதில் இல்லை. வெள்ளையினப் பெண்களின் நாவல்கள் போற்றிய கற்பொழுக்கமும் இல்லை. எஜமானனிடமிருந்து தப்ப மணமாகாமலே வேறொரு வெள்ளையரை நாடியதை மறைக்காமல் சொல்லும் ஜேக்கப்ஸ், பிற பெண்களை அளக்கும் கோலால் அடிமைப் பெண்ணை அளத்தல் தகாது என்கிறார். அவ்வாறு அளந்தே திறனாய்வாளர் தவறினர். உரையாடல்களில் நாவலின் சாயல் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. நடை கொண்டு நிகழ்வை மறுப்பது எவ்வகை நீதி? அறிவிப்பாளரை ஆராயாமல் அறிவிப்பைத் தள்ளக்கூடாது என மாணவருக்குப் போதிக்கும் நமக்கு இது புதிய பாடமன்று. ஜீன் ஃபேகன் யெல்லின் அப்பணியைச் செய்தார். ஜேக்கப்ஸின் கடிதங்களைக் கொண்டு நூலாசிரியர் அவரே என நிறுவி, 1987இல் செம்பதிப்பும் வெளியிட்டார்.

1852இல் அவரிடம் பரிவுகொண்ட எஜமானி ஒருவர் முந்நூறு டாலர் கொடுத்து அவருக்கு விடுதலை பெற்றுத் தந்தார். தாம் மீண்டும் ஒருமுறை விலைபேசப்பட்டதை, நன்றி மறவாத அதே பக்கங்களில், ஜேக்கப்ஸ் கசப்போடு எழுதியிருக்கிறார்.