எட்டு மெகாபைட்டில் ஒரு தொகை நூல்

ரோலண்டின் எஸ்ஆர்-ஜேவி80 எக்ஸ்பான்ஷன் கார்டுகளைப் பற்றிப் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. எதில் எத்தனை பேட்ச், எது அரிது, எது என்ன விலைக்குப் போகிறது, எல்லாம் கிடைக்கும். விமர்சனம் என்று சொல்லும்படி இருப்பதுதான் குறைவு. ஒரு சிறுகதைத் தொகுப்பு கையில் கிடைத்தால், ஏன் இந்தக் கதை, ஏன் அது இல்லை, தொகுத்தவர் மனசில் என்ன இருந்தது என்று கேட்கிறோம் இல்லையா? ஒலிக் கார்டும் ஒரு தொகுப்புதான் என்பது என் கட்சி. அந்தக் கேள்விகளை அதனிடமும் கேட்டால், எதை வாங்குவது என்ற நடைமுறைக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

தெரியாதவர்களுக்குச் சின்ன முன்னுரை. 1994இல் ரோலண்ட் ஜேவி-1080 வந்தது. விசைகள் கிடையாது, ரேக்கில் பொருத்தும் பெட்டி. உள்ளே இருக்கிற ஒலிகள் போதவில்லை என்றால் மூடியைக் கழற்றி நான்கு கார்டுகள் வரை செருகலாம். 1997இல் வந்த ஜேவி-2080இல் எட்டு. கார்டு வரிசையோ பாப்பில் தொடங்கி ஹவுஸ் வரை 1 முதல் 19 எண் வரை நீண்டது. ஒவ்வொரு கார்டிலும் 8 மெகாபைட் ஒலிப்பதிவு.

அந்த 8 மெகாபைட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிடி தரத்தில், மோனோவாக, வினாடிக்கு 88,200 பைட். அப்படியென்றால் மொத்தம் சுமார் 95 வினாடி. ஆர்கெஸ்ட்ரல் என்ற பெயரில் வயலின்கள், செல்லோக்கள், பித்தளைக் கருவிகள், மரக்குழல்கள், முரசுகள் எல்லாமே ஏறத்தாழ ஒன்றரை நிமிடக் கணக்குக்குள் அடங்கணும். அதனால்தான் ஒரு கருவியின் எல்லாச் சுரங்களையும் பதியாமல் சிலவற்றை மட்டும் பதிந்து, பக்கத்து விசைகளுக்கு இழுத்துப் பரப்பினார்கள். நீண்ட சுரத்தின் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சுழலவிட்டார்கள். எதை விடுவது என்ற முடிவு ஒவ்வொரு வினாடியிலும் இருக்கிறது. தொகுப்பாசிரியர் வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒரு கார்டில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழே வேவ், அதாவது பதிவு செய்த மூல ஒலி. மேலே பேட்ச், அந்த வேவ்களில் நான்கு வரை சேர்த்து, ஃபில்டரும் என்வலப்பும் போட்டு, எஃபெக்ட் பூசிச் சமைத்து வைத்த ஒலி. கார்டை விற்பது பேட்ச்தான். டெமோவில் மயக்குவதும் அதுதான். நான் பேட்ச் பட்டியலை மூடி வைத்துவிட்டு வேவ் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்கு இரண்டு காரணம்.

முதல் காரணம், ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கும் என்பது. ஜேவி-1080க்கு மொத்தம் 64 குரல். நான்கு அடுக்குப் பேட்ச் ஒன்றில் நீங்கள் ஒரு விசை அழுத்தினால் நான்கு குரல் போயிற்று. பதினாறு சுரத்தோடு பெட்டி காலி. ஆனால் அதே பெட்டி பதினாறு பகுதிகளை ஒன்றாக வாசிக்கும் என்றுதான் நம்பி வாங்குகிறோம்.

இரண்டாவது எஃபெக்ட். பேட்சைத் தனியாகக் கேட்கும்போது அதற்கென்று வைத்த எஃபெக்ட் முழுசாக வேலை செய்யும். பல பகுதிகளைச் சேர்த்து வாசிக்கும்போது ஜேவி-1080இல் ரிவெர்ப், கோரஸ் தவிர இருப்பது ஒரே ஒரு மல்டி எஃபெக்ட். ஜேவி-2080இல் அதை மூன்றாக்கினார்கள். அதனால் கடையில் தனியாகக் கேட்டு மனசைப் பறிகொடுத்த ஒலி, பாட்டுக்குள் போனதும் மேக்கப் கலைந்த மாதிரி நிற்கும். வேவ் நன்றாக இருந்தால் அப்போதும் தாங்கும்.

இந்த அளவுகோலை வைத்துச் சில கார்டுகளைப் பார்க்கிறேன்.

வரிசையிலேயே சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் 04, விண்டேஜ் சிந்த் என்பேன். பழைய அனலாக் சிந்தசைசர்களின் ஒலிகளைப் பதிந்த கார்டு. ஒரு சிந்தசைசர் அலையைச் சுழலவிட்டால் பெரிசாக எதுவும் கெட்டுப்போவதில்லை. அது ஏற்கெனவே தன்னையே திரும்பச் சொல்லும் ஒலிதானே. ஆக 8 மெகாபைட் நெருக்கடி இதை அதிகம் தொடுவதில்லை. ஃபில்டரை மாற்றுங்கள், என்வலப்பை மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ ஒன்று கிடைக்கும். ஜேடி-990க்கென்றே தனிப் பேட்சுகளும் இதில் உண்டு.

நேர் எதிர்ப்பக்கம் 12, ஹிப்-ஹாப் கார்டு. அதில் தனித்தனி டிரம் ஒலிகளோடு, முடிந்த தாளத் துண்டுகளும் இருக்கின்றன. ஒரு துண்டு குறிப்பிட்ட வேகத்தில் பதிவானது. ஜேவி-1080 சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றத் தெரியாத கருவி. விசையை மேலே நகர்த்தினால் வேகம் கூடும், கூடவே டிரம்மும் கீச்சிடும். அன்றைய நாகரிகம் அப்படியே உறைந்துபோயிருக்கிறது. அந்தக் காலத்து வாசனைதான் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல சரக்கு, மற்றவர்களுக்கு அலமாரி நிரப்பி.

அமைதியான கார்டு ஒன்று, 09 செஷன். பியானோ, கிட்டார், தந்திக் கூட்டம் என்று அன்றாட வேலைக்கு உதவுகிறவை. பெயரில் கவர்ச்சி இல்லை. ஆனால் 1999இல் ஜேவி-1010 என்ற சின்னப் பெட்டியை விட்டபோது, ரோலண்டே உள்ளே நிரந்தரமாக வைத்து அனுப்பியது இந்தக் கார்டின் ஒலிகளைத்தான். ஒரு தொகுப்பின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இனி நம் காதுக்கு நெருக்கமான விஷயம். 05 வேர்ல்டு, 14 ஏஷியா. சிதார், தபலா என்று பெயர்களைப் பார்த்ததும் நம்மவர்கள் கை அங்கேதான் நீளும். இங்கேதான் எனக்குக் கடுமையான முறையீடு இருக்கிறது.

தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்கும்போது என்ன நடக்கிறது? சுருதி ஏறுகிறது. ஆனால் வீணையின் குடமோ சிதாரின் சுரைக்காயோ அளவில் மாறுவதில்லை. உடம்பின் அதிர்வு அங்கேயே நிற்க, சுரம் மட்டும் நகர்கிறது. பதிவு செய்த ஒலியை பெண்ட் லீவரால் வளைத்தால் சுருதியோடு உடம்பும் சேர்ந்தே நகர்கிறது. கருவியே ஒரு கணம் சுருங்கி மறுபடி விரிகிற மாதிரி. ஒற்றைச் சுரத்தில் இது தெரியாது. கமகம் போட்டால் உடனே தெரியும். எந்த இசையில் சுரத்தைவிட சுரங்களுக்கு நடுவிலுள்ள பாதை முக்கியமோ, அந்த இசைக்கு இந்தத் தொழில்நுட்பம் பாதையை விட்டுவிட்டு மைல்கல்லை மட்டும் கொடுக்கிறது.

தபலா இந்த விஷயத்தில் கொஞ்சம் தப்பிக்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு தனி அடி, ஒரு தனிப் பதிவு. ஆனால் இடது கையில் மணிக்கட்டை அழுத்தி நழுவவிடுவார்களே, அந்த நழுவல் பதிவானபடியேதான் ஒவ்வொரு முறையும் வரும். தாளம் கிடைக்கும், வாசிப்பவர் கிடைக்கமாட்டார். ஆக இந்தக் கார்டுகளைத் தாளவாத்தியத்துக்கும், பின்னணியில் ஒரு சாயல் பூசுவதற்கும் வாங்குங்கள். ராகம் வாசிக்க வாங்காதீர்கள்.

பிறகு எஸ்ஆர்எக்ஸ் வரிசை வந்தது. பெரும்பாலான கார்டுகளில் 64 மெகாபைட். இடம் பெருகியதும் தொகுப்பின் குணமே மாறியது. ஒருபக்கம் ஒரே கருவிக்கு ஒரு கார்டு, எஸ்ஆர்எக்ஸ்-11 முழுக்க பியானோ. இன்னொரு பக்கம் எஸ்ஆர்எக்ஸ்-07 அல்டிமேட் கீஸ் போல, பழைய கார்டுகள் பலவற்றின் ஒலிகளை ஒன்றாகக் கட்டிய பெருந்திரட்டு. இடுக்கில் பணம் போடுமுன் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு வகைக் கார்டும் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. இரண்டையும் ஏற்பது எக்ஸ்வி-5080 போன்ற சில கருவிகள்தான். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று எஸ்ஆர்எக்ஸ் ஒலிகளைக் கணினி மென்பொருளாகவே ரோலண்ட் தருகிறது. அப்புறம் கார்டைத் தேடுவானேன் என்று கேட்டால், தேட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் நான்கு இடுக்கு என்ற கட்டுப்பாடு ஒரு வேலை செய்தது. என்ன இசை செய்யப்போகிறோம் என்பதைக் கருவியைத் திறக்கும் முன்பே முடிவுசெய்ய வைத்தது. எல்லாம் இருக்கிற இடத்தில் அந்த முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

ஜேவி-1080 வைத்திருக்கிறவருக்கு என் பரிந்துரை: முதலில் 04, அடுத்து 09. மூன்றாவதை உங்கள் பாட்டு கேட்கட்டும். நான்காவது இடுக்கு காலியாகவே கிடக்கட்டும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.