கோன் செட்டும் கொஞ்சம் தத்துவமும்

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகரைச் சேவித்துவிட்டு விருத்தாசலம் கிளம்பலாம் என்று பைக்கை எடுத்தேன். ஹேண்டில் நடுவில் வந்து 'டக்'கென்று உட்கார்ந்துகொண்டது. திருப்பினால் அடம். தனியாளாக இருந்தால் எப்படியாவது ஓட்டியிருப்பேன். பின்னால் பையன்.

கடைவீதியில் ஒரு மெக்கானிக். இன்ஜினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். (பூமியையே தூக்கியவர் ஊர். இதென்ன பிரமாதம்!) ஹேண்டிலை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"கோன் செட் போச்சு சார். யாரோ நட்டை மட்டும் இறுக்கி அனுப்பியிருக்காங்க."

அந்த 'யாரோ' சென்னையில் ஒரு கடை. பில்லில் மட்டும் ஃபுல் சர்வீஸ்!

பெஞ்சில் உட்கார்ந்தபோது ராபர்ட் பிர்ஸிக் ஞாபகம் வந்தது. 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்'. 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பி, 1974-ல் வெளியாகி, லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். 1968-ல் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை போன கதை.

அதிலும் ஒரு ஹேண்டில் பிரச்னை உண்டு. கூட வரும் நண்பரின் பி.எம்.டபிள்யூ-வில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டின்னில் ஒரு துண்டு வெட்டிச் சொருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. என் பி.எம்.டபிள்யூ-வுக்குப் பீர் டின்னா? மனிதர்களை இரண்டாகப் பிரித்துக் காட்டும் அற்புதமான இடம். பி.காம். படித்த நான் நண்பர் கட்சி. எனக்குத் தேய்மானம் என்பது பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ரேடியோவை அலறவிட்டு, சுத்தியலும் உளியுமாக வண்டியைக் கெடுக்கும் மெக்கானிக்குகளை பிர்ஸிக் விளாசுகிறார். நியாயம்தான். சென்னைக் கடையை நான் பார்த்தாயிற்றே! ஆனால் நல்ல தொழிலாளி? ஒரு வெல்டர் வருகிறார். பிரமாதமாக ஒட்டவைக்கிறார். சில பத்திகளில் போயே போய்விடுகிறார். தத்துவம் பேசும் உரிமை ஆசிரியருக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் பேசினார். "எப்பவும் நேராத்தானே சார் ஓட்டறோம்? பள்ளத்துல விழற அடியெல்லாம் ஒரே இடத்துல இறங்கும். குண்டு கிண்ணத்துல குழி பறிச்சிடும். அதான் நடுவுல நிக்குது." ஃபோர்க்கை இறக்கி, பழைய கிண்ணங்களைத் தட்டி எடுத்து, புதுசைச் சாயாமல் உட்காரவைத்தார். கிரீஸை அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். நட்டை இறுக்கி, ஒரு பொட்டு தளர்த்தினார். அதிகம் இறுக்கினால் ஹேண்டில் கனக்கும். தளர்ந்தால் பிரேக்கில் 'டொக்'. லேசாகத் தட்டினால் அதுவாக இரண்டு பக்கமும் சாய வேண்டும். 'தரம்' பற்றிப் பக்கம் பக்கமாக பிர்ஸிக் தேடியதெல்லாம் அந்த ஒரு பொட்டில் இருந்தது.

புத்தகத்தில் என்னை உறுத்துவது வேறு. இன்ஜின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் அப்பாவுக்கு, பின்னால் இருக்கும் பையனின் வயிற்று வலி மட்டும் புரிவதில்லை. கடைசியில்தான் திரும்பிப் பார்க்கிறார். கிறிஸ் 1979-ல் சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் குத்திக் கொல்லப்பட்டான். 1984 பதிப்பின் பின்னுரையில் பிர்ஸிக் அதை எழுதியிருக்கிறார். புத்தகம் முழுவதையும் விட எனக்கு அந்தச் சில பக்கங்கள் கனம்.

"வருஷத்துக்கு ஒருவாட்டி கழட்டி கிரீஸ் வைங்க சார்" என்று சாவியைக் கொடுத்தார்.

ஹேண்டில் வெண்ணெய் மாதிரி திரும்பியது. விருத்தாசலம் வருவதற்குள் நாலு தடவை நிறுத்தி, "கால் வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"ஏம்ப்பா, வண்டி இன்னும் சரியாகலையா?" என்றான்.