இரைச்சலை வடிக்கும் சுருள்

தருமபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்பவர் உதிரி பாகங்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகலாம். அங்கெல்லாம் கனத்த 12-0-12 டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே எடை குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸும் (சுவிட்ச் முறை மின்வழங்கி) கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் சில நேரம் ஸ்பீக்கரில் மெல்லிய சீற்றமும் கூட வரும். அதை அடக்கும் எல்சி ஃபில்டர்தான் என் கண்ணுக்கு அந்தப் பெட்டியின் அழகான உறுப்பு. 10 மைக்ரோஹென்றி சுருளும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால், சுமார் 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் தேயத் தொடங்கும். எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ஆகும் வேகம் 65 கிலோஹெர்ட்ஸ் என்றால், அதில் மிஞ்சுவது, கணக்குப்படி, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. எலக்ட்ரோலிட்டிக்கின் உள்தடை குறுக்கே நிற்கும். சுருளின் ஃபெரைட்டும் ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் கரண்டைத் தாங்க வேண்டும். திணறினால் அது வெறும் கம்பிதான்.

காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காதே, பிறகு ஃபில்டர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உயர் அலைகள் ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டத்தில் நுழைந்து கேட்கும் ஒலியாக மாறக்கூடும். சுமை குறைந்தால் பல எஸ்எம்பிஎஸ்கள் விட்டுவிட்டு இயங்கும். அந்தத் துடிப்பு கேட்கும் எல்லைக்குள்ளேயே இறங்கிவிடும். மிகவும் தாழ்ந்த துடிப்பை இந்த ஃபில்டர் தடுக்காது, அதற்கு வெளியீட்டில் ஒரு சுமைத்தடை வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மரே மேல் என்பாரும் உண்டு. அதன் 100 ஹெர்ட்ஸ் முனகலோ நேராகக் காதில் விழுவது. வடிக்க இன்னும் பெரிய கெப்பாசிட்டர்கள் தேவை. எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல ஃபில்டருமே என் தேர்வு. செய்து பார்ப்பவர்கள் வெளியீட்டுப் பக்கத்தில் மட்டும் கை வையுங்கள். 230 வோல்ட் பக்கத்தைத் திறக்காதீர்கள்.