கடிதம் யாருக்கு?

ஷில்லரின் 'மனிதனின் அழகியல் கல்வி' பற்றிப் பேசும்போது அழகு, சுதந்திரம், விளையாட்டு என்று போய்விடுகிறோம். அவை கடிதங்கள் என்பது மறந்துபோகிறது. கடிதம்னா வாங்கிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கணுமே, அவர் யார்?

ஃப்ரெடரிக் கிறிஸ்டியன் (1765–1814). டேனிஷ் மன்னரின் ஆளுகைக்குள் இருந்த அகஸ்டன்பர்க் டியூக் குடும்பத்துச் சிற்றிளவரசர். 1791இல் ஷில்லர் நோயில் விழுந்தார். செத்தே போனார் என்ற வதந்தி டென்மார்க்வரை போயிற்று. அது பொய் என்று தெரிந்ததும், இளவரசரும் நிதியமைச்சர் எர்ன்ஸ்ட் ஷிம்மல்மனும் சேர்ந்து ஆண்டுக்கு 1000 தாலர் வீதம் மூன்றாண்டுகள் தர முன்வந்தார்கள். அந்த இளவரசருக்கு 1793இல் எழுதப்பட்டவை இக்கடிதங்கள். 1794இல் கோபன்ஹேகன் அரண்மனைத் தீயில் மூலங்கள் எரிந்துபோயின. நாம் வாசிப்பது, 1795இல் ஷில்லர் தன் 'ஹோரன்' இதழில் திருத்தி வெளியிட்ட பிரதி.

இளவரசர் கொடுங்கோலர் அல்ல. கல்விச் சீர்திருத்தத்துக்கு உழைத்தவர். சரி, காசு எங்கேருந்து வந்துச்சு? ஷிம்மல்மன் குடும்பத்துக்கு டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. வேலை செய்தவர்கள் அடிமைகள். அதே ஷிம்மல்மன்தான் 1792இல் அடிமை வணிகத் தடைச் சட்டம் வர முன்நின்றவர். ஆனால் சட்டம் அமலுக்கு வந்தது 1803இல். இடைப்பட்ட காலத்தில், அடிமைகளை வாங்கிச் சேர்த்துக்கொள்ளத் தோட்ட முதலாளிகளுக்கு அரசே கடன் கொடுத்தது.

ஷில்லர் சொல்வதென்ன? பிரெஞ்சுப் புரட்சி ஒரு வாய்ப்பைத் தந்தது, ஆனால் மனிதர்கள் அதற்குத் தகுதியாகவில்லை. அழகின் வழியாகத்தான் சுதந்திரத்தை அடைய முடியும். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்பதல்ல என் வாதம். இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான்: விடுதலை உண்டு, ஆனா இப்போ இல்ல. நல்லவர்கள் தரும் விடுதலைக்கு எப்போதும் ஒரு தவணை உண்டு.

அதற்காக ஷில்லரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வேலைப் பிரிவினை மனிதனைத் துண்டுதுண்டாக்குவதை ஆறாம் கடிதம் காட்டுகிற கூர்மை இன்றைக்கும் நமக்கு வேண்டும். ஆனால் 'மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை' என்று ஒரு பிரதி சொன்னால், அது யாரை நோக்கிச் சொல்கிறது, யார் காசில் சொல்கிறது என்று கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்வி இல்லாத அழகியல் வாசிப்பு, புரவலருக்குச் செய்யும் உபகாரம்தான்.

1848 ஜூலையில் செயின்ட் குரோயி தீவின் அடிமைகள் திரண்டெழுந்தார்கள். ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. தங்கள் அழகியல் கல்வி முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.